உன் பேரில் ஒரு மீன்

நைனா,

உன்னை இப்படிக் கூப்பிட்டு வருஷக்கணக்காகிறது. வாய்க்கு மறந்துபோகவில்லை, திரும்பிப் பார்க்கத்தான் ஆள் இல்லை. என் அப்பன் செத்த மூன்றாம் மாதம் நீ பிறந்தாய். உன் அப்பா உனக்கு சேகர் என்று பேர் வைத்தாலும் எனக்கு நீ நைனாதான். ஊருக்கு நீ சேகரு. அந்தப் பேரை இன்றைக்கும் வாரத்தில் இரண்டு தடவையாவது கேட்டுவிடுகிறேன். செங்கல்பட்டு ரோட்டோரம் கூடை வைத்து உட்காரும் மீன்காரம்மா, "சேகரு மீனு, உசுரு மீனு, வாம்மா சேகரு மீனு" என்று கத்துவாள். நீ யாரென்று அவளுக்குத் தெரியாது. கருங்குழியிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். விரால், கெண்டை என்பது போல இதுவும் மீனுக்கு உள்ள பேர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் அந்தப் பக்கம் போகும்போது கொஞ்சம் மெதுவாக நடப்பேன். வாங்க மாட்டேன். பேரை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுவேன்.

நான் மூன்றாவதோடு நின்றவள். ரேஷன் கடையில் கையெழுத்துப் போடுவதோடு என் எழுத்து சரி. இதை நாலு நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன், ஒரு பக்கத்துக்குள் விரல் மரத்துப்போகிறது. மடித்துப் பெட்டியில் வைக்கப் போவதில்லை. யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். எழுத வைத்தது போன வாரம் நடந்த ஒன்று. இந்த வருஷம் நம் ஏரி அடிவரைக்கும் காய்ந்து வெடித்துக் கிடக்கிறது. நூறு நாள் வேலையில் அதைத் தூர் வாரச் சொன்னார்கள். நானும் இரும்புச் சட்டி எடுத்துக்கொண்டு போனேன். மதகுக்குப் பக்கத்தில் மண் வெட்டிக்கொண்டிருந்த ஏழுமலை திடீரென்று பின்னால் குதித்தான். முழங்கை ஆழத்தில், லேசாக ஈரம் இருந்த களிமண்ணுக்குள் ஒரு மீன். மாதக்கணக்காகத் தண்ணீரையே பார்க்காத மீன். வாயைத் திறந்து திறந்து மூடியது. அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து, "எக்கா, இங்க பாரு, உம் புள்ள மீனு! சாவவே இல்ல. மண்ணுக்குள்ள குந்திகினு மூச்சு வுட்டுகினு கீது" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை அவன். அதற்கு நான் ஒரு பதில் சொன்னேன். அந்தப் பதிலை உன்னிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். அதனால் முதலிலிருந்து வருகிறேன்.

உனக்கு அப்போது பதினாறு வயது. பத்தாவதில் கணக்குப் போய்விட்டது. சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஏதாவது பட்டறையில் உன்னைச் சேர்த்துவிடலாமா என்று அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கே அப்போது வேலை இல்லை. அவர் ஏர் ஓட்டி அறுத்த நிலமெல்லாம் கல் நட்டு மனையாகிவிட்டது. அந்த நேரத்தில்தான் நெல்லூர்க்காரர் ஒருவர் காற்றடைத்த பிளாஸ்டிக் பையில் மீன் குஞ்சு கொண்டுவந்தார். தவளைக் குஞ்சு மாதிரி கறுப்பாக, வால் மட்டும் துடித்துக்கொண்டு. ஆப்பிரிக்கன் கெளுத்தி என்றார். "இதுக்கு நல்ல தண்ணியே வேணாம். கோழிக் கட கழிவு போதும். ஆறு மாசத்துல உன் கை நீளம் வரும்" என்றார். வீட்டுக்குப் பின்னால் அப்பாவும் நீயும் குட்டை வெட்டினீர்கள். செங்கல்பட்டு கறிக்கடைகளிலிருந்து கோழிக் குடலும் இறகும் நீ சைக்கிளில் கொண்டுவருவாய். காலனியே மூக்கைப் பிடித்துக்கொண்டது. "உன் புள்ளைக்கு எவ பொண்ணு குடுப்பா, இந்த நாத்தத்துல?" என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். "மூக்கு இல்லாத பொண்ணா பாப்போம்" என்று நீயே பதில் சொன்னாய்.

கணக்கில் ஓடாத உன் புத்தி அந்த மீனில் ஓடியது. அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் நீ சொல்லித்தான். வாயைச் சுற்றி எட்டு மீசை. கலங்கின தண்ணீரில் கண்ணால் ஆகாததை அந்த மீசை தடவித் தெரிந்துகொள்ளும் என்பாய். செதில் கிடையாது. கையில் பிடித்தால் வெண்டைக்காய் பிசினைத் தடவினது போல் வழுக்கும். முன்பக்கத் துடுப்பில் பக்கத்துக்கு ஒரு முள் இருக்கும், அதைத் தரையில் ஊன்றி உடம்பை நெளித்து நெளித்து நகரும். மழை பிடித்தால் குட்டையை விட்டு ஏறிவிடும். ஒரு ஐப்பசி மழையில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒன்று கிடந்தது. நான் பாம்பு என்று கத்தினேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, "எம்மா, உன்ன பாக்க வந்துகீது. ஒரு சொம்பு தண்ணி குடு" என்றாய். தண்ணீரில் இருந்தாலும் அடிக்கடி மேலே வந்து ஒரு வாய் காற்றை முழுங்கிவிட்டுத்தான் அடியில் போகும். ஒரு நாள் குழம்புக்கு அறுக்கும்போது தலையைப் பிளந்து எனக்குக் காட்டினாய். செவுளுக்கு மேலே சிவப்பாக, காலிஃபிளவர் பூ மாதிரி ஒன்று. "இத வச்சிதாம்மா காத்துல மூச்சு வுடுது. அதான் தரையில போட்டாலும் சாவ மாட்டேங்குது."

அதன் பசியைத்தான் எனக்குப் பிடிக்காது. குஞ்சுகளில் கொஞ்சம் பெரிசாக வளர்ந்தது பக்கத்தில் இருக்கிற சின்னதை வாலில் பிடித்து விழுங்க ஆரம்பிக்கும். தலை தொண்டையில் நுழையாவிட்டால் தலையை மட்டும் துப்பிவிடும். காலையில் பார்த்தால் தண்ணீரில் சின்னச் சின்னத் தலைகள் மிதக்கும். அதற்காகத்தான் மூன்று நாளைக்கு ஒரு தடவை ஓட்டைக் கூடையில் சலித்துப் பெரிசு வேறு, சிறிசு வேறாகப் பிரிப்போம். அது என் வேலை. "கூடப் பொறந்ததையே தின்னுதே, இது இன்னா ஜென்மம்டா" என்று நான் கேட்டேன். "அதுக்கு யாரும்மா சொல்லித் தர்றது? ஆத்தாக்காரி முட்டையைப் புல்லுல ஒட்டிட்டுப் பூடறா. அப்பால திரும்பியே பாக்க மாட்டா" என்றாய். நம் ஏரி விராலைப் பற்றியும் அன்றைக்குத்தான் சொன்னாய். விரால் குஞ்சுகள் சிவப்பாக, ஒரே கூட்டமாகத் திரியும். தாயும் தகப்பனும் கீழேயே காவல் நிற்கும். கிட்டே கை கொண்டுபோனால் பாய்ந்து கடிக்கும் என்று விரலில் இருந்த தழும்பைக் காட்டினாய். இதையெல்லாம் நான் அப்போது கதையாகத்தான் கேட்டேன். எனக்குச் சொன்னதாக நினைக்கவில்லை.

அப்புறம் நாமே முட்டை எடுக்கக் கற்றுக்கொண்டோம். பெண் மீனுக்கு ஊசி போட்டு, மறுநாள் வயிற்றை மெதுவாக அழுத்தினால் கேழ்வரகு மாதிரி முட்டை வந்து தட்டில் விழும். என் கைதான் பதமான கை என்று நெல்லூர்க்காரர் என்னை அழுத்தச் சொன்னார். ஆண் மீனுக்கு அப்படி அழுத்தினால் ஒன்றும் வராது. அறுத்துத்தான் உள்ளே இருக்கும் பால் பையை எடுக்க வேண்டும். முதல் தடவை அப்பா அறுத்ததைப் பார்த்துவிட்டு நீ வெளியே போய் வாந்தி எடுத்தாய். "ஒரு தடவை அப்பனாவறதுக்கு உசுரே போவுதேம்மா" என்றாய். பெண் மீன்களில் ஒன்றுக்கு இடது பக்கத்து மீசை பாதியில் அறுந்திருக்கும். அதற்கு நீ பெரியம்மா என்று பேர் வைத்தாய். பட்டறைக்குப் போகாமல் வீட்டோடு இருந்த அந்த மூன்று வருஷமும், வெளியே போய்விட்டு வந்தால் என்னைக் கேட்கும் முன்னால், "பெரியம்மா சாப்டாளா?" என்றுதான் கேட்பாய். அதன் வயிற்றை நான் நாலு தடவை அழுத்தியிருக்கிறேன். என் கை வாகு அதற்குத் தெரியும். துள்ளாது.

பிறகு ஜீப்பில் ஒருவர் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். இது வெளிநாட்டு மீன், ஏரி குளத்தில் போனால் நம் மீனையெல்லாம் தின்றுவிடும், வளர்க்கக் கூடாது என்று உத்தரவு, எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள் என்றார். அப்பா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அவர் அப்படித்தான், சொன்னால் செய்துவிடுவார். குழி வெட்டி, பிளீச்சிங் பவுடர் கொட்டி, குட்டையை இறைத்து மீனையெல்லாம் அள்ளிப் போட்டார். அது லேசில் சாகிற மீனா? தொண்டையிலிருந்து ஒரு சத்தம் போட்டுக்கொண்டு, முள்ளை ஊன்றிக் குழியிலிருந்து ஏறி ஏறி வந்தது. அப்பா மண்வெட்டியால் தள்ளிவிட்டுக்கொண்டே, "ஒண்ணுகூட தப்பக் கூடாதுமே, பாத்துக்கோ, அப்பால நம்ம மேல பேச்சு வரும்" என்றார். கோழிக் கடைக்காரர்களிடம் இனி கழிவு வேண்டாம் என்று சொல்ல உன்னைச் செங்கல்பட்டுக்கு அனுப்பியிருந்தார்.

பெரியம்மாவை நான் கடைசி வரைக்கும் ஒரு பிளாஸ்டிக் குடத்தில் தனியாக வைத்திருந்தேன். ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நம் ஏரியில் மீன் பிடிக்கும் நாளில் முதலில் அகப்படும் விராலுக்கு மஞ்சள் பூசி, கரையில் இருக்கும் கன்னியம்மா கற்களுக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டு, உயிரோடு திரும்ப ஏரியில் விடுவோம் அல்லவா? அதுதான் என் மனசில் இருந்தது. கன்னியம்மாவுக்கு விட்ட மீனை யாரும் தொட மாட்டார்கள், அது தப்பாகாது என்று நினைத்தேன். இடுப்பில் குடத்தை வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். வாசலைத் தாண்டும்போதுதான் அந்த நினைப்பு வந்தது: அவ்வளவு பெரிய ஏரியில் இது ஒற்றையாக என்ன செய்யும்? அதன் ஜாதியில் இன்னொன்று இல்லையே. திரும்பி வந்தேன். அப்பா அந்தப் பக்கம் திரும்பியிருந்தார். குழி ஓரத்தில் ஏறி வந்து கிடந்த ஒன்றை முந்தானையால் பிடித்துத் துணைக்குக் குடத்தில் போட்டுக்கொண்டேன். ஆணா பெண்ணா என்று பார்க்கவில்லை.

நைனா, இவ்வளவுதான் நான் செய்தது. மதியம், சாரல் போட்டுக்கொண்டிருந்தது. கரையில் ஆள் இல்லை. இரண்டு தலையிலும் மஞ்சள் வைத்துக் கும்பிட்டுத் தண்ணீரில் விட்டேன். பெரியம்மா ஒரு தடவை மேலே வந்து காற்றை முழுங்கிவிட்டுப் போனாள். நான் வீட்டுக்கு வந்தபோது நீ ஏற்கெனவே வந்து துண்டால் தலையைத் துடைத்துக்கொண்டிருந்தாய். "எங்கம்மா போன?" என்றாய். "தண்ணிக்கு" என்றேன். நீ என் இடுப்பைப் பார்த்தாய். குடம் காலியாக இருந்தது. அதை வாங்கிக்கொண்டு போய், அடி பம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டுவந்து வைத்தாய்.

இரண்டு கோடை போயிற்று. நமக்கும் ஊருக்கும் எதில் பேதம் இருந்தாலும் ஏரி மீன் பிடிக்கும் அன்று எல்லாரும் ஒரே தண்ணீரில்தான் இறங்குவோம். அந்த வருஷமும் இறங்கினார்கள். நாங்கள் பெண்கள் கரைச் சரிவில் கூடையோடு உட்கார்ந்திருந்தோம். கன்னியம்மா முன்னால் மஞ்சளும் தண்ணீரும் வைத்த சட்டி தயாராக இருந்தது. முதல் வலை வந்தது, எல்லாம் மீசை. இரண்டாவது வலை, எல்லாம் மீசை. ஏழுமலை இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, "இன்னாபா இது, விரால் எங்க, கெண்ட எங்க? ஏரியே மீச வச்சிகினு கீது!" என்று கத்தினான். மத்தியானம் வரைக்கும் ஒரு விரால் கிடைக்கவில்லை. சட்டி அப்படியே இருந்தது. அப்புறம் எல்லார் தலையும் உன் அப்பா பக்கம் திரும்பியது. அந்த மீன் வேறு யார் வீட்டில் இருந்தது? அவர் கன்னியம்மா கற்கள் பக்கம் கையை நீட்டினார். "நான் பொதைச்சேன்யா. ஜீப்புக்காரரு சொன்ன மாதிரியே பொதைச்சேன். ஒண்ணுகூட வுடல, கன்னியம்மா மேல சத்தியம்" என்றார். "அப்ப வானத்துலேர்ந்து வுழுந்துச்சா?" என்றான் ஏழுமலை. ஒருவர் அப்பாவின் தோளைப் பிடித்துத் தள்ளினார்.

அப்போது நீ தண்ணீரிலிருந்து ஏறி வந்தாய். லுங்கியிலிருந்து சேறு சொட்டியது. "எங்கப்பா மேல கை வைக்காதீங்க. நான்தான் வுட்டேன். ரெண்டே ரெண்டு" என்றாய். சொல்லிவிட்டுத் திரும்பி, பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தாய். அத்தனை பேரில் என்னைத்தான் பார்த்தாய். ஒரு மூச்சு விடுகிற நேரம் இருக்கும். நான் எழுந்து நின்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கூடை விளிம்பைப் பிடித்திருந்தேன், அதை விட முடியவில்லை. பொம்பளை செய்தாள் என்றால் அவ்வளவு பேர் நடுவில் என்ன சொல்வார்கள், அப்பா என்ன செய்வார் என்று பயந்தேன். நீ ஆண் பிள்ளை, இரண்டு நாளில் மறந்துவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். உன்னைக் கன்னியம்மா முன்னால் வைத்து ஊர்க்காரர்கள் காலில் விழ வைத்தார்கள். இனிமேல் ஏரியில் கால் வைக்கக் கூடாது என்றார்கள். "ரெண்டு வுட்டதுக்கே ஊரு ஏரிய தின்னுட்சி, நாலு வுட்டிருந்தா நம்மளையும் தின்னிருக்கும்! இனிமே இது ஆப்பிரிக்கா மீனு இல்லடா, சேகரு மீனு" என்றான் ஏழுமலை. அன்றைக்கு வைத்த பேர்தான்.

வீட்டில் அப்பா உன்னோடு பேசுவதை நிறுத்தினார். தள்ளிவிட்டதோ காலில் விழ வைத்ததோ அவருக்குப் பெரிதில்லை. கன்னியம்மா மேல் சத்தியம் செய்தவரை நீ பொய்யனாக்கிவிட்டாய் என்பதுதான். ஒரே வீட்டில் ஒரு மாதம் நான் இரண்டு பேருக்கும் நடுவில் சோறு போட்டேன். ஒவ்வொரு வேளையும் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். குழம்பை ஊற்றிவிட்டு வந்துவிடுவேன். தப்பு செய்தால் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும் நைனா. ஒரு நாள் தள்ளினால் மறுநாள் அதைச் சொல்ல இரண்டு மடங்கு தைரியம் வேண்டியிருக்கிறது. ஒரு மாதத்துக்கு அப்புறம் அந்தத் தைரியம் நம் உடம்பிலேயே இருக்காது. உனக்குக் கல்யாணமாகிக் குழந்தை பிறந்தால் சொல்ல வேண்டும் என்று நான் எடுத்து வைத்திருந்த புத்தி இது ஒன்றுதான். என் வாயால் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்றாலும் சொல்லியிருப்பேன்.

நீ மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரம் ஒரு இறால் குஞ்சுப் பண்ணையில் வேலைக்குப் போய்விட்டாய். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் பஸ் நிலையத்தில் உன்னைப் பார்க்க வருவேன். தூக்குச் சட்டியில் சோறு கொண்டுவருவேன். நீ நின்றுகொண்டே சாப்பிடுவாய். வெள்ளைக்காரர்கள் நம்மைத் தாண்டிப் போவார்கள். "இறால் குஞ்சு கண்ணுக்கே தெரியாதும்மா. மூச்சு வுட்டா பறந்துடும் போலக் கீது. நம்ம மீனு மாதிரி இல்ல. தண்ணி கொஞ்சம் மாறினா காலி" என்பாய். "அப்பா கேட்டாரா?" என்பாய். "கேட்டாருடா, நல்லா கீறானான்னு கேட்டாரு" என்பேன். "சரி, சரி, பொய் சொன்னாலும் அழகா சொல்ற" என்று சிரிப்பாய். ஒரு தடவைகூட ஏரிப் பேச்சை எடுக்கவில்லை நீ. நானும் எடுக்கவில்லை. பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக என் கையில் வெற்றிலைப் பொட்டலம் வைப்பாய். அடுத்த மாதம் சொல்லிவிடுகிறேன் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொண்டே அந்த வெற்றிலையை மெல்லுவேன்.

மார்கழியில், கடல் உள்ளே வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். நான் உன்னைப் பார்க்க வர வேண்டிய ஞாயிறு அதற்கு அடுத்தது. விஷயம் கேள்விப்பட்டதும் எனக்கு முன்னால் ஓடியது அப்பாதான். செருப்பில்லாமல் ஓடினார். பண்ணையில் தொட்டிச் சுவரெல்லாம் உடைந்து மணல் மூடிக் கிடந்தது. மூன்று நாள் தேடினோம். ஆஸ்பத்திரி வாசலில் வரிசையில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தோம். நீ இல்லை. போன தடவை நான் உன்னிடம் விட்டுவந்த தூக்கு மட்டும் ஒரு சவுக்கு மரத்தடியில் கிடைத்தது, மூடி இல்லாமல். திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா முன் சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு, "எம் புள்ள ஏம்மே அப்பிடிப் பண்ணான்? நான் ஒண்ணுகூட வுடாம பொதைச்சேனே. அவங்கிட்ட ஒரு வார்த்த பேசியிருக்கலாமே" என்று அழுதார். பக்கத்தில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். அப்போதும் சொல்லவில்லை. நீ போய்விட்டாய் என்று தெரிந்த பிறகு அதைச் சொல்லியிருந்தால் அவர் என்னைக் கொன்றிருக்க மாட்டார், அவரே செத்திருப்பார் என்று நினைத்தேன். சொல்லாமல் இருந்தும் மூன்றாம் வருஷம் நெஞ்சுவலியில் போய்விட்டார். உன் மேல் இருந்த கோபம் ஆறித்தான் போனார். ஆனால் நீ செய்தாய் என்றுதான் போனார்.

இப்போது வீட்டில் நான் மட்டும். ஒரு ஆளுக்கு உலை வைக்க எனக்கு இன்னும் கை பழகவில்லை, தினமும் சோறு மீந்துபோகிறது. உன் உடம்பைப் பார்க்காததால் ரொம்ப நாள் உனக்குக் கருமாதி செய்ய விடவில்லை நான். அந்த மீன் தண்ணீர் வற்றினால் சேற்றுக்குள் போய்ப் படுத்து மழைக்காகக் காத்திருக்கும் என்று நீ சொல்லியிருந்தாய். எங்கேயோ அப்படித்தான் இருக்கிறாய், ஒரு மழையில் வந்துவிடுவாய் என்று இருந்தேன். ஐப்பசி பிறந்தால் கதவைத் தாழ் போட மாட்டேன். உன்னிடம் சொன்னால் சிரிப்பாய்.

போன வாரம் ஏழுமலை அந்த மீனைத் தூக்கிக் காட்டி உன் பேரைச் சொன்னபோது, சட்டியைக் கீழே வைத்துவிட்டு, "அது சேகரு மீனு இல்ல. என் மீனு. நான்தான் வுட்டேன்" என்றேன். "இன்னா எக்கா, வெயில் தலைக்கு ஏறிட்சா?" என்றான். குடம், மஞ்சள், பெரியம்மா, துணைக்குப் பிடித்த இன்னொன்று, எல்லாவற்றையும் சொன்னேன். நின்ற இடத்திலேயே சொன்னேன். யாரும் மண் வெட்டவில்லை. என் மேல் மண்ணை வாரி வீசுவார்கள் என்று நினைத்தேன். வீசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏழுமலை கையிலிருந்த மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்புறம், "அவனே பூட்டான் எக்கா. யாரு வுட்டா இன்னா இப்போ? இந்த மீனு இல்லன்னா காலனில பாதி வூட்ல கொயம்பே கெடையாது. பொத்தேரில காலேஜு பசங்க துன்றதும் இதான்" என்றான். மீனை என் சட்டியில் போட்டான். "பேர மாத்தறதுக்கு இல்ல எக்கா, வாய்க்கு வந்துட்சி" என்றான். எல்லாரும் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். இத்தனை வருஷம் நான் பயந்தது இவ்வளவுதான். கரையில் ஏறும்போது அவன் பின்னாலேயே வந்து, மெதுவாக ஒன்று கேட்டான். "அவனுக்குத் தெரியுமா எக்கா?"

அதைத்தான் நாலு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். மீன் பெருக இரண்டு வேண்டும், அதனால் உத்தேசமாக இரண்டு என்று சொன்னாய் என்றுதான் இதுவரை என் மனசைத் தேற்றி வைத்திருந்தேன். ஆனால் அந்தக் காலிக் குடம் நினைவுக்கு வருகிறது. தண்ணிக்குப் போனவள் வெறும் குடத்தோடு வந்தாள், நீ ஏன் என்று கேட்கவில்லை. செங்கல்பட்டிலிருந்து வரும் வழி ஏரிக்கரை வழிதான். சாரலில் நீ நனைந்து வந்திருந்தாய். உனக்குத் தெரியும் நைனா. நீ அந்தக் கரையில் எங்கேயோ சைக்கிளோடு நின்று பார்த்திருக்கிறாய். இப்போது எனக்கு அதில் சந்தேகம் இல்லை.

அந்த மீன் என் பக்கத்தில் பக்கெட்டில் இருக்கிறது. இதை எழுதும்போது அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய் காற்றை முழுங்கிவிட்டு அடியில் போகிறது. ஒற்றை மீன். துணைக்கு இன்னொன்று தேட மாட்டேன். எனக்கு உன்னிடம் கேட்க ஒன்றுதான் இருக்கிறது. அன்றைக்குக் கரையில், "ரெண்டே ரெண்டு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தாயே, "எழுந்திரும்மா" என்று பார்த்தாயா, "எழுந்துடாதம்மா" என்று பார்த்தாயா?